கப் இருக்கு, டோக்கன் எங்கே?

கப் கையில இருக்கு. வாங்குன கடையோட படம் போட்ட கப். அடியில ரெண்டு சொட்டு க்ளூவைனும் (மசாலா போட்டுக் காய்ச்சுன சூடான வைன்) ஊறிப்போன ஆரஞ்சுத் துண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. வாங்கி ஒரு மணி நேரம்கூட ஆகல. ஆனா கப்போட சேர்த்து ஒரு பிளாஸ்டிக் வில்லை கொடுத்தாங்களே, அந்த டோக்கன் இல்லாம கப்புக்குக் கட்டுன 4 யூரோ திரும்ப வராதாம். கப்போட சாட்சி செல்லாதாம்.

டிசம்பர்ல ஜெர்மன் கிறிஸ்மஸ் சந்தைப் பக்கம் தலைகாட்டுன எல்லாருக்கும் இந்த வயித்தெரிச்சல் தெரியும். அதனால நேரா கணக்குக்கு வந்துடலாம். நாலு பேர் இருக்குற குடும்பம். பெரியவங்களுக்கு ரெண்டு க்ளூவைன், ஒண்ணு நாலரை யூரோ. பிள்ளைங்களுக்கு ஆல்கஹால் இல்லாத கிண்டர்புன்ஷ் ரெண்டு, ஒண்ணு 3 யூரோ. மொத்தம் 15. நாலு கப்புக்கு ஃபாண்ட், அதாவது திருப்பித் தர்ற முன்பணம், ஆளுக்கு 4 வீதம் 16. குடிக்கிறதுக்கு 15, குடிக்கிற பாத்திரத்துக்கு 16! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொன்னவர் நிச்சயமா ஒரு தடவை இந்த வரிசையில நின்னிருக்காரு.

அந்த 31 யூரோவையும் ரொக்கமா எண்ணி வைக்கணும். "நூர் பாரெஸ் இஸ்ட் வாரெஸ்", ரொக்கம்தான் நிஜம்னு பழமொழியே வெச்சிருக்குற நாடு. கார்டு மெஷின் வெச்ச கடைங்க இப்போ கூடிட்டு வருது, இல்லைங்கல. ஆனா எந்தக் கடையில இருக்கும், எதுல இருக்காதுன்னு முன்னாடி போய் நிக்கிற வரைக்கும் தெரியாது. 50 யூரோ நோட்டை நீட்டினா, அவங்க வீட்டுச் சொத்துல பங்கு கேட்ட மாதிரி ஒரு பார்வை.

சரி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணின்னு வெச்சுக்குங்க. (வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் கிளம்புனதே முதல் தப்பு. செவ்வாய், புதன்ல மூணு மணியிலேர்ந்து அஞ்சுக்குள்ள போய் முடிச்சிருக்கணும்.) வரிசையில இருபது நிமிஷம். ஏழு இருபதுக்கு கப் கைக்கு வருது. 0.2 லிட்டர் கோடு உள்பக்கம் இருக்கு. ஆவி மூடியிருக்குறதால கோடு வரைக்கும் ஊத்துனாங்களா, கோட்டுக்குக் கீழயே கருணை தீர்ந்துடுச்சான்னு யாருக்கும் தெரியாது. ஏழு இருபத்தஞ்சுக்கு நின்னு குடிக்கிற மேஜையில முழங்கை வைக்க ஒரு சாண் இடம். அது வரைக்கும் கொதிக்கக் கொதிக்கக் கையைச் சுட்டது, அடுத்த பத்தாவது நிமிஷம் வெதுவெதுன்னு பாகு மாதிரி ஆயிடும். அதனால கடகடன்னு குடிச்சாகணும். ஏழு நாப்பதுக்கு கப் காலி.

இப்பதான் படமே ஆரம்பம். கப்பை எங்கே கொடுக்குறது? "டாஸன்ரூக்காபே", அதாவது கப் திருப்பித் தர்ற இடம்னு எழுதுன தனி ஜன்னல் பக்கவாட்டுல இருந்தா நீங்க போன ஜென்மத்துல புண்ணியம் பண்ணவங்க. இல்லையா, வாங்குறவங்க நிக்கிற அதே வரிசையில மறுபடி கடைசி ஆளா நிக்கணும். 'திருப்பிக் கொடுக்கத்தானே'ன்னு ஓரமாப் போய் கப்பை நீட்டிப் பாருங்க. பின்னால இருபது ஜோடிக் கண்ணு முதுகைத் துளைக்கும், ஒரு பெரியவர் சத்தமாத் தொண்டையைக் கனைப்பாரு. ஏழு ஐம்பத்தஞ்சு. முன்னாடி வந்தாச்சு. "இது எங்க கப் இல்லீங்க." ஏன்னா உங்களோடது சிவப்பு, இவங்களோடது நீலம். சந்தை முழுக்க ஒரே கப் புழங்குற ஊரும் இருக்கு, கடைக்குக் கடை வேற கப் வெச்சிருக்குற ஊரும் இருக்கு. மரக்கூரை, தேவதாரு மரக்கிளை, மஞ்ச பல்ப்னு நாப்பது கடையும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி நிக்குற இடத்துல, நீங்க வாங்குனது எதுலன்னு கண்டுபிடிக்க மோப்ப நாய்தான் வேணும்.

எட்டு மணி பத்து நிமிஷம். சரியான கடை, சரியான ஜன்னல். "டோக்கன்?"

வலது பாக்கெட், கைக்குட்டை. இடது பாக்கெட், டிராம் டிக்கெட். க்ளவுஸைக் கழட்டி உதறினா ஒரு பாதாம் விழுது. பர்ஸுல சில்லறை அறையைக் குடையணும், ஏன்னா அந்த வில்லை அளவுல கிட்டத்தட்ட 2 யூரோ காசு மாதிரியே இருக்கும். அதோ, கிடைச்சிடுச்சு! எடுத்து வைக்கிறீங்க. அந்தப் பொண்ணு அதைத் திருப்பித் திருப்பிப் பாக்குது. அது சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியில போடுற வில்லை. பின்னால யாரோ சிரிக்கிறாங்க. நாலு கப்புக்கு மூணு டோக்கன் தேறுது, நாலாவதைக் காணோம். 12 யூரோ வரும். மீதி 4 யூரோவுக்குப் பதிலா அந்தக் கப் உங்களுக்கே சொந்தம், வாழ்த்துக்கள்!

டோக்கன் எதுக்குன்னு கேட்டா நியாயமான பதில் இருக்குங்குறதுதான் இன்னும் கடுப்பு. ஜனங்க மேஜை மேலயே கப்பை விட்டுட்டுப் போயிடுறாங்க. வேற யாராவது அதை அள்ளிட்டு வந்து காசு கேப்பாங்க. அப்புறம், பல ஊர்ல வருஷா வருஷம் கப்போட படம் மாறும். போன வருஷ கப்பை வீட்டுலேர்ந்து கொண்டு வந்து நீட்டுற புத்திசாலிகளும் உண்டு. வாங்காத முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தா கடைக்காரருக்கு நஷ்டம். புரியுது. அப்புறம் எதுக்குய்யா கப் மேல அத்தனை பெருசா வருஷம் போட்டிருக்கு? க்ளூவைன்ல ஆல்கஹால் 7 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, தண்ணி ஊத்திப் பெருக்கக் கூடாதுன்னு ஐரோப்பிய விதியே இருக்கு. உள்ள இருக்குறதுக்கு அத்தனை சட்டம் போட்டவங்க, கப் திரும்பி வர்றதுக்கு ஒரு வழி போடக் கூடாதா?

பட்டுத் தெளிஞ்சவங்க செய்றது இதுதான். கப்பை வாங்குன கையோட கடையோட பெயர்ப்பலகையை ஒரு போட்டோ. டோக்கனை கோட்டோட உள் பாக்கெட்டுல போட்டு ஜிப் போடுறது, க்ளவுஸுக்குள்ள மட்டும் வேண்டவே வேண்டாம். விளிம்பு உடைஞ்சிருக்கா, கைப்பிடி விரிசல் விட்டிருக்கான்னு வாங்குறப்பவே பாத்துடணும், உடைஞ்சதுக்குக் காசு தர மாட்டாங்க. பூட்ஸ் வடிவத்துல ஒரு கப் வரும், போட்டோவுக்கு நல்லாருக்கும், கால்விரல் முனையில தேங்குன கடைசி வாயைக் குடிக்கத் தலையைப் பின்னால சாய்ச்சு மூக்கைச் சுட்டுக்கணும். ரெண்டாவது சுத்து வேணும்னா அதே கப்பை நீட்டுனா ஃபாண்ட் மறுபடி கேக்க மாட்டாங்க. வீட்டுலேர்ந்து கிளம்பும்போது அஞ்சு யூரோ நோட்டா நாலு, ரெண்டு யூரோ காசா ஒரு பிடி. 'வின்ட்ஸர்க்ளூவைன்'னு போர்டு தெரிஞ்சா அங்கேயே நில்லுங்க. அது திராட்சைத் தோட்டக்காரர் சொந்த வைன்ல காய்ச்சுனது. மத்த கடையில பெரும்பாலும் கேன்ல வந்ததைச் சூடு பண்ணி ஊத்துறதுதான். 80 டிகிரியைத் தாண்ட விட்டா ஆல்கஹால் பறந்து, பட்டையும் கிராம்பும் கசந்து, கஷாயம் ஆயிடும்.

டிசம்பரோட விட்டுதுன்னு நினைக்காதீங்க. கோடையில ஊர்த் திருவிழாவுக்குப் போனா பிளாஸ்டிக் டம்ளருக்கு ஃபாண்ட். வைன் திருவிழாவுல கண்ணாடி கிளாஸுக்கு ஃபாண்ட். செப்டம்பர்ல பாட் டுர்க்ஹைம் ஊர்ல வூர்ஸ்ட்மார்க்ட் நடக்கும். பேருதான் சாசேஜ் சந்தை, ஆனா உலகத்துலயே பெரிய வைன் திருவிழான்னு பேர் வாங்குனது. அங்கே குழி குழியா இருக்குற அரை லிட்டர் டுப்பேகிளாஸ்ல வைனையும் சோடாவையும் கலந்து ஊத்தி, மேஜையில இருக்குறவங்க கைமாத்திக் கைமாத்திக் குடிப்பாங்க. ஒரு மேஜைக்கு ஒரு கிளாஸ், அதான் உண்மையான நாகரிகம்! ம்யூனிக் அக்டோபர்ஃபெஸ்ட் பியர்த் திருவிழாக் கூடாரத்துல ஒரு லிட்டர் மாஸ் குவளைக்கு ஃபாண்டே கிடையாது. விளைவு? 2019-ல வாசல்ல பையைச் சோதிச்சுப் பிடுங்குன குவளை மட்டும் சுமார் 97,000. ஆக ஃபாண்ட் வாங்குனா நமக்கு வயித்தெரிச்சல், வாங்கலைன்னா அவங்களுக்கு வயித்தெரிச்சல்.

இலையுதிர் காலத்துச் சந்தையில ஃபெடர்வைஸர் வாங்குறவங்களுக்கு வேற மாதிரி பூஜை. இன்னும் புளிச்சுக்கிட்டு இருக்குற திராட்சைச் சாறு அது. வாயு வெளியேறணும்னு மூடியை இறுக்கவே மாட்டாங்க. பாட்டிலைப் படுக்க வெச்சு எடுத்துட்டுப் போனா பை, கோட்டு, ரயில் சீட்டு எல்லாம் அபிஷேகம். இறுக்கி மூடுனா வெடிக்கும். நிமிர்த்திப் பிடிச்சபடி, குழந்தையைத் தூக்கிட்டு வர்ற மாதிரிதான் வீடு வரணும். அந்த பாட்டிலுக்கும் ஃபாண்ட் இருக்கா இல்லையான்னு பில்லைப் பாத்துக்குங்க. 8 சென்ட், 15 சென்ட், 25 சென்ட்னு அதுலயும் மூணு ஜாதி.

கடைசியில என்ன நடக்குது? ஜெர்மனியில எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் பின்வரிசையில மூணு நாலு கப் நிக்கும். 2016, 2019, ஒண்ணுல தேவதைப் படம், ஒண்ணு பூட்ஸ். எதுவும் ஆசைப்பட்டு வாங்குனது இல்ல, எல்லாம் டோக்கன் தொலைஞ்சதுக்கு அடையாளம். அதுல ஃபில்டர் காபி ஊத்திக் குடிச்சா, சொல்லக் கூடாது, கை குளிருக்கு இதமா கச்சிதமாத்தான் இருக்கு. 4 யூரோவுக்குக் கடையில இந்த கனத்துல கப் கிடைக்காதுன்னு மனசைத் தேத்திக்க வேண்டியதுதான்.

கப்பை விடுங்க. லேப்கூகன்னு கிறிஸ்மஸுக்குச் சாப்பிடுற மசாலா பிஸ்கட், அதைப் பத்தி யாராவது பேசுங்களேன். செப்டம்பர் முதல் வாரம், வெளியே 28 டிகிரி, அரைக்கால் டிரவுசரோட சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனா வாசல்லயே கிறிஸ்மஸ் லேப்கூகன் மலை மாதிரி குவிச்சு வெச்சிருக்காங்க. சாக்லேட் பூச்சு உருகி டப்பாவுல ஒட்டிக் கிடக்கு. டிசம்பர் 27-ந் தேதி, குளிர் நடுக்குது, வீடு நிறைய விருந்தாளிங்க, ஒரு டப்பா வேணும்னு ஓடுனா பாதி விலையில நொறுங்குனது நாலு கிடக்கும். 29-ந் தேதி போங்க, அந்த இடத்துல புத்தாண்டுப் பட்டாசு இருக்கும்.