கூலி எழுதாத நோட்டு

மார்ச் மாதம் வந்துவிட்டால் போதும், மதுரையில் ஏதாவது ஒரு மண்டபத்தில் பெண் தொழில்முனைவோர் கூட்டம் நடக்கும். மேடையில் ஒருவர் தன்னம்பிக்கை வேண்டும் என்பார். இன்னொருவர் பெரிதாகக் கனவு காணுங்கள் என்பார். கீழே உட்கார்ந்து கேட்கிற அக்கா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கிரைண்டர் போட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, நாலு கடைக்கு மாவு பாக்கெட் போட்டுவிட்டு வந்திருப்பார். அவருக்குப் போய்த் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

நான் ஒரு வரி ஆலோசகர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வில்லாபுரம் பக்கத்து மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மாவு, இட்லிப் பொடி, ஆரி ஒர்க் பிளவுஸ், முறுக்கு, நைட்டி வியாபாரம் என்று எல்லாம் உண்டு. தொழில்தான் வேறு வேறு. நோட்டில் இருக்கிற ஓட்டை அநேகமாக ஒன்றுதான்.

மாவு விற்கிற ஓர் அக்காவின் நோட்டைச் சொல்கிறேன். கீழமாசி வீதியில் வாங்கிய அரிசி, உளுந்து, வெந்தயம், கவர், கிரைண்டர் பெல்ட் மாற்றியது, கடைசிப் பையனை ஆட்டோவில் அனுப்பிச் சரக்கு இறக்கியது வரை ஒன்று விடாமல் எழுதியிருந்தார். எல்லாம் கழித்து நாளுக்கு முந்நூறு ரூபாய் சுமாராக மிஞ்சுகிறது. "லாபம்" என்று சிவப்புப் பேனாவில் கோடு வேறு. "உங்க கூலி எங்கக்கா?" என்று கேட்டேன். "எனக்கென்ன கூலி, வீட்ல சும்மாதான இருக்கேன்" என்றார். ஊறப் போடுவது, ஆட்டுவது, கழுவுவது, பாக்கெட் கட்டுவது, கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் சேர்த்தால் ஒரு முழுநாள் வேலை. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள்கூலியே 336 ரூபாய். அப்படிப் பார்த்தால் அக்காவுக்கு லாபமே கிடையாது, கூலியிலேயே கொஞ்சம் குறைகிறது. சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, டீ போடட்டுமா என்று பேச்சை மாற்றினேன்.

இதில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று. கூலி கேட்கத் தெரியாத ஊரா இது? அப்பளக் கம்பெனியில் மாவு வாங்கி வந்து வீட்டில் தேய்த்துக் கொடுக்கிற பெண்கள் எடைக்கும் எண்ணிக்கைக்கும் கறாராகக் கூலி வாங்குகிறார்கள். ஒரு கட்டு குறைத்து எண்ணினால் அன்றைக்குச் சண்டைதான். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர்களும் அப்படித்தான். அழகர்கோவில் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மா வயல் வேலை செய்யும் பெண்களுக்குக் கொத்துத் தலைவியாக, அதாவது கூலிக் குழுவுக்குத் தலைவியாக நின்று கூலி பேசித்தான் முன்னுக்கு வந்தார். அப்புறம்தான் களஞ்சியம் என்கிற பெண்கள் சேமிப்புக் குழு, பிரதமராக இருந்த வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கிக் கொடுத்த விருது, 2019இல் பத்மஸ்ரீ எல்லாம். அடுத்தவரிடம் வேலை செய்தால் கூலி கேட்கத் தெரிந்த அதே பெண், முதலாளி தானே என்று ஆனதும் தன்னிடம் கேட்க மாட்டேன் என்கிறார்.

"கூலியைச் சேர்த்தா விலை ஏறிடும், யாரு வாங்குவா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஏறினால் விற்காது என்றால் அந்தப் பொருளில் நமக்கு வேலை இல்லை என்று தெரிந்துகொள்ளலாமே. முறுக்கு சுடுகிற ஒருவர் கூலியையும் கேஸையும் சேர்த்து எழுதிப் பார்த்துவிட்டு முறுக்கைத் தீபாவளி ஆர்டரோடு நிறுத்திக்கொண்டார். பருப்புப் பொடி மட்டும் வருஷம் முழுக்கப் போகிறது. (வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரில் வியாபாரத்துக்குச் சுடக் கூடாது என்பது இருக்கட்டும். கடைக்கான 19 கிலோ சிலிண்டர் விலையைப் போட்டுப் பார்த்தால்தான் முறுக்கின் உண்மையான அடக்க விலை தெரியும்.) தெருவில் நாலு பேர் கூலி இல்லாமல் விலை வைத்தால், ஐந்தாவதாக வருகிறவரும் அதே விலைக்குத்தான் விற்க வேண்டும். ஒருவர் செய்கிற தியாகம் எல்லார் தலையிலும் விடிகிறது.

அடுத்தது பாக்கி. இங்கேதான் நம்ம ஊர்ப் பெருமையைப் பேச வேண்டும். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் ஒரு விசேஷம் என்றால் மொய் எழுத கம்ப்யூட்டர் வைத்து ரசீது கொடுக்கிறோம். எந்த வருஷம், யார் வீட்டுக் காதுகுத்துக்கு எவ்வளவு செய்தோம் என்று நோட்டைப் புரட்டிச் சொல்லுவோம். திருப்பிச் செய்யாவிட்டால் சபையிலேயே கேட்போம். அந்த அளவுக்குக் கணக்கான சாதிசனம், மதினி தைத்துக் கொடுத்த பிளவுஸுக்குக் காசு கொடுப்பதை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. "நம்ம மதினிதான, பிறகு பாத்துக்கலாம்." ஆரி ஒர்க் பிளவுஸ் என்றால் நாள் கணக்கில் குனிந்து உட்கார்ந்து செய்கிற வேலை. கண்ணும் இடுப்பும் போய்விடும். முகூர்த்த மாதத்தில் வெளி ஆர்டரைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சொந்தக்காரருக்குத் தைத்து, அந்தக் காசை மறுவருஷம்வரை கேட்க முடியாமல் இருக்கிற பெண்களை எனக்குத் தெரியும். பாதி அட்வான்ஸ் வாங்காமல் துணியில் ஊசி வைக்கக் கூடாது. நாத்தனாராகவே இருந்தாலும் சரி. மனஸ்தாபம் வருமே என்பார்கள். வரட்டும், பாக்கி நின்றாலும் வரத்தான் போகிறது.

வெளியாட்கள் வைக்கிற பாக்கிக்குச் சட்டமே இருக்கிறது, அது பலருக்குத் தெரியவில்லை. 2006ஆம் வருஷத்துச் சிறு, குறு தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தாமதித்தால் வட்டியும் உண்டு. 2023-24 நிதியாண்டிலிருந்து, அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத நிறுவனம், பணத்தைக் கொடுக்கிற வருஷம்வரை அந்தத் தொகையைச் செலவாகக் காட்டி வரியில் கழிக்க முடியாது. ஒரு ஹாஸ்டலுக்குச் சப்பாத்தி போட்டுக் கொடுத்தவர் மாதக் கணக்கில் அலைந்துகொண்டிருந்தார். உத்யம் எண் (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு எண்) போட்ட பில்லை அந்த ஹாஸ்டல் ஆடிட்டருக்கே ஒரு காப்பி அனுப்பச் சொன்னேன். பணம் வந்துவிட்டது. இந்தச் சட்டம், தானே செய்து விற்பவருக்கும் வேலை செய்து கொடுப்பவருக்கும்தான், வாங்கி விற்கிறவருக்குப் பொருந்தாது. உத்யம் பதிவுக்குக் காசே கிடையாது, ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும். அதற்கு ஆயிரம், இரண்டாயிரம் வாங்குகிற புரோக்கர்களை நம்பாதீர்கள்.

கடன் பற்றித்தான் எழுதவே கடுப்பாக இருக்கிறது. மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு என்கிற சிறுகடன் வகையில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் தருகிறார்கள். மைக்ரோ பைனான்ஸ்காரர்கள் வீடு தேடியே வருகிறார்கள். கையெழுத்து அக்காவுடையது. பணம் போவது வீட்டுக்காரர் பைக்குக்கோ, கொழுந்தனார் வீட்டு விசேஷத்துக்கோ. தவணை மட்டும் மாவு டப்பாவிலிருந்து. கடைசியில் "நீ தொழில் பண்ணிக் கடன்தான் ஆச்சு" என்று அதே வீட்டார் பேசுவார்கள். நோட்டைப் பார்த்தால் தொழில் நன்றாகவே ஓடியிருக்கும். வீட்டார் வாங்கிய கடனைத் தொழில் தலையில் எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்கும் தொழிலுக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு வையுங்கள் என்றால் அக்காமார் சிரிக்கிறார்கள். "இருக்கிறதே ஒரு பர்ஸு, இதுல ரெண்டா?" பெரிய வேலை இல்லை. கடையில் ஒட்டியிருக்கிற க்யூஆர் அட்டையை முதலில் பாருங்கள். பாதிக் கடைகளில் அது சென்னையில் வேலை பார்க்கிற மகன் நம்பரிலோ வீட்டுக்காரர் நம்பரிலோ இருக்கும். மாவு விற்பது அம்மா, டொய்ங் என்று சத்தம் கேட்பது மகன் போனில். மகன் தங்கமான பிள்ளையாகவே இருக்கட்டும். நாளைக்குக் கடன் கேட்டுப் போனால் வங்கி மேனேஜர் பார்ப்பது அக்காவின் பாஸ்புக்கை. அதில் கேஸ் மானியமும் மகளிர் உரிமைத்தொகையும் தவிர ஒரு வரவும் இருக்காது. முதலில் சொன்ன மாவு அக்கா போன மாதம் அட்டையை மாற்றிவிட்டார். கூலி என்று ஒரு பத்தியும் நோட்டில் போட்டாயிற்று. பாக்கெட்டுக்கு ஐந்து ரூபாய் ஏற்றியதில் இரண்டு கடைக்காரர்கள் நின்றுவிட்டார்கள். மீதிப் பேர் முனகிக்கொண்டே வாங்குகிறார்கள்.