எக்ஸ்ரே சரியாக இருந்தால் வலி பொய்யாகிவிடுமா?

2010இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்ட ஏ.எஸ்.ஆர். என்ற செயற்கை இடுப்பு மூட்டு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, நோயாளிகளுக்கான இழப்பீட்டோடு நின்றுவிட்டது. மூட்டின் உலோகம் உரசி கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலப்பதை விளக்கிய கட்டுரையாளர், இழப்பீட்டுக்குப் பிறகும் வலியோடு வாழ்பவர்களைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

பாலக்கோட்டில் இருக்கும் என் அக்காவுக்குப் பொருத்தியது வேறு வகை மூட்டு, ஆனால் அவரும் வலியோடுதான் வாழ்கிறார். தக்காளி மண்டி வேலை போய்விட்டது. விசேஷ வீடுகளுக்குப் போவதில்லை. தர்மபுரி பஸ்ஸில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டேதான் போவார். உட்கார்ந்து எழுவதுதான் கொடுமை. நிற்பவரைப் பார்ப்பவர்கள் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்! சேலத்திலும் பெங்களூரிலும் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு மூட்டு சரியாக இருக்கிறது என்றார்கள். மூட்டு சரிதான், அக்காதான் சரியாக இல்லை.

அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியில் மூட்டு தயாரித்த கம்பெனியின் பெயரோ, தொகுதி எண் உள்ள ஸ்டிக்கரோ கிடையாது. காய்ச்சல் மாத்திரை அட்டையில்கூட அவை இருக்கின்றன. யார்மேல் புகார் கொடுப்பது?

செயற்கை மூட்டு போன்ற மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய மத்திய அரசின் திட்டம் 2015 முதல் இருக்கிறது. நோயாளியே எழுதி அனுப்பலாம். எங்களிடம் எந்த மருத்துவரும் இதைச் சொன்னதில்லை. அந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று அடுத்த கட்டுரையில் எழுதுங்கள்.