எங்க வீட்டுக் கூரைப் பஞ்சாயத்து

காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஐயாவோட ஐயா கட்டிய வீடு. பங்காளிகள் 11 பங்கு. போன ஐப்பசி மழையில் ரெண்டாம் கட்டில் ஒழுகாத இடம் தேடித்தான் பாய் விரித்தோம். கூரையை மாற்றியே ஆகணும் என்பதில் 11 பங்குக்கும் ஒரே கருத்து. எதைப் போடுவது என்பதில் 13 கருத்து. சித்தப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்: "ஒரு தடவை போட்டமா, மறந்தமான்னு இருக்கணும்டா. ஷீட்டைப் போட்டு விடு."

இந்தப் "போட்டு மறக்கிற" ஆசைதான் பழைய வீடுகளுக்கு எமன். எங்கள் வீட்டிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது.

முகப்புக்கு மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாக அடுக்கி, அதன்மேல் மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாக நிறுத்தி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய தளம். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். ஒரு மழைக்காலத்தில் லேசாக ஒழுகியதும், பெயர் வேண்டாம், ஒரு காண்டிராக்டர் வந்து அதன்மேல் மூன்று அங்குலம் சிமெண்ட் காங்கிரீட் போட்டு மெழுகிக் கொடுத்தார். ஆயுசுக்கும் கவலை இல்லை என்றார். மரம் அசையும், சிமெண்ட் அசையாது. விரிசல் விட்டது. விரிசல் வழியே இறங்கிய தண்ணீருக்குத் திரும்பி வர வழியில்லை. போன வருஷம் சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டை முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். பிடிவரை இறங்கியது. வெளியே தெரியும் பாகம் மட்டும் இன்னும் பளபளவென்று தேக்காகவே இருக்கிறது.

இடித்துவிட்டு ஆர்.சி.சி. (கம்பி கட்டிய காங்கிரீட்) போடலாம் என்று ஒரு பங்கு. ஐந்து அங்குல ஸ்லாப் என்றால் சதுர அடிக்கு ஏறக்குறைய 30 கிலோ. சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு என்றால், அதே சதுர அடிக்கு ஓடு மட்டும் நாலு கிலோ வரும். சுண்ணாம்பில் கட்டிய அந்தச் சுவரும் முற்றத்து மரத்தூணும் எந்தக் கணக்குக்காக எழும்பியவை என்று யாராவது கேட்டார்களா?

ஷீட்டைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. தகரம் என்றால் வெயிலில் அடுப்பு, மழையில் தவில் கச்சேரி. ஆஸ்பெஸ்டாஸ் பக்கமே போகாதீர்கள். அதில் எல்லா வகையும் புற்றுநோய் வரவழைக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஏற்கெனவே போட்டிருந்தால் உடைத்து இறக்காதீர்கள், நனைத்து முழுசாக இறக்குங்கள். ஓடு மாதிரியே அச்சடித்த பிளாஸ்டிக் ஷீட்டும் வந்திருக்கிறது. தூரத்திலிருந்து அழகுதான்.

மிச்சம் இருப்பது ஓடு. முன்பு இருந்த, குயவர் கையால் செய்த நாட்டு ஓட்டையே திரும்பப் போடத்தான் எனக்கு ஆசை. ஆனால் எங்கள் பக்கம் அதற்குச் சூளை போடுகிற வேளார் வீடு ஒன்றுகூட இப்போது இல்லை. இருக்கிற ஓட்டில் பாதி, இறக்கும்போதே கையில் மாவாக உதிர்ந்தது. அதனால் நல்ல நாட்டு ஓட்டை எல்லாம் பொறுக்கி முற்றத்தைச் சுற்றி, பார்வை படுகிற தாழ்வாரத்துக்குப் போட்டோம். பின்கட்டுக்குச் சீமை ஓடு. "பாரம்பரியத்தைக் கெடுத்துட்டியே" என்றார் நண்பர் ஒருவர். பர்மாத் தேக்கும் இத்தாலி மார்பிளும் ஜப்பான் டைல்ஸும் பதித்த வீட்டுக்கு மங்களூர் ஓடு மட்டும் அந்நியமா? 1865-இல் பாசல் மிஷன் என்கிற சுவிஸ் பாதிரிமார் சபைக்காரர்கள் மங்களூரில் சூளை போட்டது முதல் அந்த ஓடும் நம் ஊர் ஓடாகத்தானே வந்துகொண்டிருக்கிறது!

ஓட்டைத் தாங்கும் மரச்சட்ட வேலையைத் தனியாகக் கணக்குப் போடுங்கள். நாட்டு ஓட்டுக்குச் சட்டம் நெருக்கி அடித்திருக்கும். சீமை ஓட்டுக்கு ஏறக்குறைய ஓரடிக்கு ஒரு ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்). பழையதைப் பிரித்துப் புது இடைவெளியில் அடிக்கத்தான் கூலி போகும்.

ஓடு வாங்கும்போது விரலால் சுண்டிப் பாருங்கள். நன்றாக வெந்தது கிண்ணென்று சொல்லும், வேகாதது டொக்கென்று சொல்லும். சந்தேகமா, ஒரு காய்ந்த ஓட்டை எடை போட்டு, ஒரு நாள் தண்ணீரில் ஊறப் போட்டு மறுபடி எடை பாருங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை ஏறினால் அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

நான் சறுக்கிய இடத்தையும் சொல்கிறேன். புதுசை நம்பாமல், இடித்த வீடுகளிலிருந்து பழைய ஓடு வாங்கினேன். மழையும் வெயிலும் ஏற்கெனவே சோதித்துக் கொடுத்த ஓடு, அதில் தப்பில்லை. ஆனால் இரண்டு வீட்டு ஓட்டைக் கலந்து வாங்கிவிட்டேன். மேலே ஏற்றினால் ஒன்றோடு ஒன்று கவ்வவில்லை, இடுக்கில் ஆகாயம் தெரிகிறது. ஓட்டைத் திருப்பிப் பார்த்த கொத்தனார், "அண்ணே, முத்திரையப் பாக்கலியா? ரெண்டும் வேற வேற கம்பெனி" என்றார். ஒரு கம்பெனி அச்சு இன்னொன்றோடு சேராது. 600 ஓட்டைத் தரம் பிரித்து, ஒரு முத்திரையை வடக்குச் சரிவுக்கும் மற்றதைத் தெற்குக்கும் போட்டு ஒப்பேற்றினோம்.

மிஞ்சிய 150 ஓட்டைக் கிணற்றடியில் அடுக்கி வைத்திருக்கிறேன். போன வாரம் குரங்குக் கூட்டம் மூன்று ஓட்டை உடைத்தது. காலையில் போன் பண்ணினேன். கொத்தனார் ஏணியைச் சாத்தி ஏறி, மாற்றிவிட்டு இறங்கும்போது அவருக்கு வைத்த டீ இன்னும் சூடாகவே இருந்தது. சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு எவ்வளவு கேட்டான்?" என்று மட்டும் கேட்டார்.