அந்த இளஞ்சிவப்பு அங்கி

பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் என்றதுமே நிறம், வெயில், தீவு, சொர்க்கம் என்று ஆரம்பித்துவிடுகிறோம். அவர் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது சொர்க்கமே இல்லாத ஒன்று. பசிபிக் கடலின் தஹிதித் தீவில் 1891-இல் வரைந்த ‘தஹிதிப் பெண்கள்’. பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, அச்சிலும் திரையிலும்தான் பார்த்திருக்கிறேன்.

கடற்கரை மணலில் இரண்டு பெண்கள், படம் முழுவதையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இடப்பக்கத்துப் பெண் பாரேயோ என்ற தீவுத் துணியை, பூப்போட்ட சிவப்பில், இடுப்பில் சுற்றியிருக்கிறாள். ஒரு கையை மணலில் ஊன்றித் தலை குனிந்திருக்கிறாள், காதோரம் பூ. மற்றவள் கழுத்திலிருந்து உடம்பையே மூடும் இளஞ்சிவப்பு அங்கியில், சம்மணமிட்டு ஓலை முடைகிறாள். பின்னால் கடல் இருக்கிறது, ஆனால் மினுமினுப்பு இல்லை. மணலுக்கு மஞ்சள், அதற்கு மேல் பச்சை, அப்புறம் கருமை, அலைக்கு இரண்டொரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். தண்ணீர்மேல் ஒளி நடுங்குவதைப் பிடிக்க ஓவியர் மோனே பட்ட பாடெல்லாம் கோகனுக்கு வேண்டியிருக்கவில்லை. பாய் விரித்தாற்போல் நிறத்தை விரித்துவிட்டார். அதனாலேயே கண் வேறெங்கும் ஓடாமல் அந்த இரண்டு பேரிடமே திரும்பித் திரும்பி வருகிறது.

என்னைப் பிடித்து நிறுத்துவது அந்த அங்கி. அது மிஷனரிகள் கொண்டுவந்த உடை. லண்டன் மிஷனரி சங்கத்தார் 1797-லேயே தஹிதியில் இறங்கிவிட்டார்கள். 1880-இல் தீவு பிரான்சின் காலனி ஆனது. கோகன் போய்ச் சேர்ந்தது 1891-இல். அவர் தேடிப்போன பழைய தஹிதியில் பெரும்பகுதி அதற்குள் கரைந்துபோயிருந்தது.

அந்த உடையை வெறும் கைவிலங்கு என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அதே லண்டன் மிஷன்தான் நாகர்கோவில், நெய்யூர் பக்கமும் வந்தது. அங்கே மேலாடை அணியும் உரிமைக்காக நம் பெண்கள் அடிபட்டுப் போராடினார்கள். 1859-இல்தான் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்தது. ஒரு துணி ஓர் ஊரில் திணிப்பு, இன்னோர் ஊரில் மானம். ஓலை முடையும் இந்தப் பெண்ணுக்கு அது என்னவாக இருந்தது என்று படம் சொல்லவில்லை. ஆனால் அவள் காலத்து உடையைக் கோகன் மறைக்கவில்லை.

மறைத்தது அடுத்த ஆண்டில். 1892-இல் ‘பராவ் ஆப்பி’ என்ற பெயரில் இதையே திரும்ப வரைந்தார். அந்தப் படம் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் இருக்கிறது. அதே இரண்டு பெண்கள், ஏறக்குறைய அதே இருப்பு. ஆனால் அங்கி போய், அந்த இடத்தில் பூப்போட்ட பாரேயோ வந்துவிட்டது. அழகான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் முதல் படத்தில் எதிரே இருந்தவர்களைப் பார்த்தவர், இரண்டாவதில் தான் பார்க்க விரும்பிய தீவைப் பார்த்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1893-இல் அவர் பாரிஸ் திரும்பி, துராந்-ரூவேல் ஓவியக் கூடத்தில் காட்சிக்கு வைத்ததும் அந்தத் தீவைத்தான்.

தஹிதியில் அவர் மனைவி என்று வைத்துக்கொண்ட சிறுமிக்குச் சுமார் 13 வயது என்று அவரே எழுதியிருக்கிறார். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அவருடைய தீவுப் படங்கள் பலவற்றின் முன் என்னால் நிம்மதியாக நிற்க முடிவதில்லை. கலை வேறு, மனிதர் வேறு என்று சொல்லித் தாண்டிப்போகவும் முடியவில்லை.

ஆனாலும் இந்த ஒரு படத்துக்கு மட்டும் திரும்ப வருகிறேன். அங்கி போட்ட அந்தப் பெண் நமக்காக உட்கார்ந்திருப்பவள் மாதிரியே இல்லை. முகம் நம் பக்கம், பார்வை மட்டும் பக்கவாட்டில் எங்கோ. கையில் ஓலை பாதி முடைந்தபடி இருக்கிறது.