குதிரைக்கு வாய் மாற்றுவழி அல்ல

“அறுவை முடிந்து, மயக்கத்தின்போது மூச்சுக்காகச் செருகிய குழாயை எடுத்த பிறகு மூக்கு அடைத்திருந்தாலும், குதிரை வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொள்ளும்” என்று நினைப்பது தவறு. அது நாய்க்குப் பொருந்தும். குதிரையின் நீண்ட மென்அண்ணம் (வாயின் மேற்கூரையின் மென்மையான பின்பகுதி) குரல்வளை மூடிக்குக் கீழே இறுகப் பொருந்தி, வாயைத் தொண்டையிலிருந்து பிரித்துவிடுவதால், அதற்கு மூக்கு ஒன்றே வழி. முழு மயக்கத்தில் மல்லாந்து, தலை தாழ்ந்த நிலையில் மணிக்கணக்காகக் கிடக்கும்போது, மூக்கின் உட்சவ்வில் சிரை இரத்தம் தேங்கி அது வீங்கிவிடுகிறது. குழாய் உள்ளே இருக்கும்வரை இது வெளியே தெரியாது, எடுத்தவுடன்தான் குறட்டை போன்ற ஒலி எழும். ஒலியே இல்லாமல் போவது அதைவிட மோசம்: விலா ஏறி இறங்கும், ஆனால் நாசித் துவாரத்தில் வைத்த உள்ளங்கையில் காற்றே படாது. அதனால்தான் பல மருத்துவர்கள் மூக்கினுள் இரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தைக் குறைக்கும் ஃபீனைலெஃப்ரின் மருந்தைத் தெளிப்பதோடு, மூக்கு வழியே ஒரு குழாயைச் செருகி, குதிரை எழுந்து நிற்கும்வரை அதை நாடாவால் ஒட்டி வைக்கிறார்கள். குரல்வளை வாதம், அதாவது குரல்வளையைத் திறக்கும் தசைகள் செயலிழப்பது, வேறு விஷயம். அது அரிது, ஆனால் வந்தால் தொண்டையோடு நின்றுவிடும் குழாய் பயன்படாது, குரல்வளையைத் தாண்டிச் செல்லும் குழாயோ, கழுத்தில் மூச்சுக்குழாயைத் திறப்பதோ உடனடியாகத் தேவைப்படும்.