"ஏழே நகர்வில் மேட்" – உண்மை என்ன?

"கறுப்புக்கு உறுதியான வெற்றி, ஏழே நகர்வில் மேட், வெள்ளைக்குத் தப்ப வழியே இல்லை" என்று ஒரு செஸ் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. காட்டுவது பிளாக்பர்ன் ஷில்லிங் கேம்பிட் (ஒரு காயைத் தூண்டிலாக வைத்து விரிக்கும் தொடக்கப் பொறி): இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை சி6, பிஷப் சி4 குதிரை டி4.

மேட் நிஜம்தான். ஆனால் வெள்ளை தன் குதிரையால் இ5 சிப்பாயை வெட்டி, கறுப்பு ராணி ஜி5 வந்ததும் பேராசையில் எஃப்7-ஐயும் குதிரையால் வெட்டினால்தான் வரும். வெள்ளை நான்காவது நகர்வில் டி4 குதிரையை வெட்டினாலே போதும். கறுப்புச் சிப்பாய் திருப்பி வெட்டும், வெள்ளை கேஸலிங் செய்து ராஜாவைப் பத்திரமாக ஒதுக்கிவிடும். கறுப்பு இன்னும் ஒரு காயைக்கூட வெளியே எடுத்திருக்காது. சரி, இ5-ஐ வெட்டிவிட்டீர்களா? ஐந்தாவது நகர்வில் எஃப்7-ஐ பிஷப்பால் வெட்டி செக் வைத்தால் ஆட்டம் கையில் இருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய ஆட்டக்காரர் பிளாக்பர்ன் இதை வைத்து ஷில்லிங் (பழைய பிரிட்டிஷ் நாணயம்) பந்தயம் ஜெயித்தார் என்பதும் செவிவழிக் கதைதான்.

லிசெஸ் என்ற செஸ் தளத்தின் இலவச அனாலிசிஸ் போர்டில் இந்த நகர்வுகளைப் போட்டு, அதிலுள்ள செஸ் கணினி நிரலான ஸ்டாக்ஃபிஷ் யார் பக்கம் சாய்கிறது என்று நீங்களே பாருங்கள். சில நிமிடங்களில் முடியும் பிளிட்ஸ் ஆட்டத்தில் தமாஷுக்கு ஆடலாம், தப்பில்லை. புதிதாகக் கற்கும் பிள்ளைகளின் குழுக்களுக்கு மட்டும் அந்த வீடியோவை அனுப்ப வேண்டாம்.