பிள்ளையைக் கொஞ்ச நேரம் என்கிட்ட கொடு

செங்கோட்டையில் சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்கு இது சீசன். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இது வேறு காலம். கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், குறுக்கே கயிறு கட்டி, ஃபேனை ஓடவிட்டு, அப்படியும் காயாமல் ஓர் ஈரவாடை வீடு முழுக்க நிற்கும். பகல் பதினொரு மணிக்கும் ட்யூப்லைட் எரியும். சளி பிடித்துவிடும் என்று பிள்ளைகளை வெளியே விடவும் முடியாது. போன வருஷம் இதே நாட்களில்தான் என் மனசு படுத்துவிட்டது.

அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை என்று சொன்னால்தான் சரியாக இருக்கும். சோறு பொங்கினேன், பெரியவளுக்குத் தலை பின்னினேன், டிபன் கட்டினேன். கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. சின்னவனுக்கு அப்போது இரண்டு வயது. மடியில் ஏறி உட்கார்ந்து, என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, "அம்மா கோவமா?" என்று கேட்பான். "இல்லடா தங்கம்" என்பேன். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் வந்து தாடையைத் திருப்புவான். "அம்மா கோவமா?" ஒரு நாளைக்குப் பத்து தடவை. சோர்ந்த முகமும் கோபப்பட்ட முகமும் அந்த வயதில் அவனுக்கு ஒன்றுதான். அந்தக் கோபம் தன் மேல்தான் என்று வேறு நினைத்துக்கொள்கிறான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் செய்த ஒரு சோதனையைப் பற்றிப் பிறகு படித்தேன். சில மாதக் குழந்தையோடு கொஞ்சி விளையாடிக்கொண்டிருக்கும் தாய், திடீரென்று இரண்டு நிமிஷத்துக்கு முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் இருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, சத்தம் போடுகிறது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறது. அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் மிச்சத்தைப் படித்தேன். தாய் மறுபடி சிரித்ததும் குழந்தையும் திரும்பி வந்துவிடுகிறது. தாயும் பிள்ளையும் விலகுவதும் சேருவதும் நாள் முழுக்க நடப்பதுதான், திரும்பச் சேர்கிறார்களா என்பதே முக்கியம் என்கிறார் அவர். இப்போது முகம் வாடி உட்கார்ந்திருக்கிற யாராவது இதைப் படித்தால், முதல் பாதியோடு நிறுத்திவிடாதீர்கள் அம்மா.

சரி, மனசு எப்படி எழுந்து நின்றது என்று சொல்ல வேண்டும். மருந்து மாத்திரை இல்லாமல் இயற்கையாக மனசைத் தேற்றும் வழி என்று தேடினால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். காலை வெளிச்சத்தில் நில், நட, தூங்கு, சத்தாகச் சாப்பிடு, நாலு பேரோடு பேசு. இதில் ஒன்றும் பொய்யில்லை, என் உடம்பில் பார்த்துவிட்டேன். ஆனால் பிள்ளை பிறந்ததும் முதலில் பறிபோவதே இந்த ஐந்தும்தானே? பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு யார் வேகமாக நடப்பது, எப்போது தூங்குவது? அதனால் எனக்கு ஒரே ஒரு கருத்துதான். இந்த வழிகளைச் சோர்ந்தவளிடம் சொல்வதில் பலனில்லை, அவளைச் சுற்றி இருப்பவர்களிடம்தான் சொல்ல வேண்டும். இயற்கை வழி என்றால் நேரம். அந்த நேரத்தை வேறு ஒருவர்தான் அவளுக்குக் கொடுக்க முடியும்.

எனக்குக் கொடுத்தது எங்கள் தெரு ஆச்சி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு நாள் முருங்கைக்கீரை கொண்டுவந்தவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. "ஏட்டி, பிள்ளையைக் கொஞ்ச நேரம் என்கிட்ட கொடு. நீ போய்க் குளத்தங்கரை வரைக்கும் நடந்துட்டு வா" என்றாள். "துணி கிடக்கு ஆச்சி" என்றேன். "துணி எங்கயும் போகாது, போ" என்றாள்.

குடையைக்கூட எடுக்காமல் போனேன். தூவானம்தான், நனைக்கிற மழை இல்லை. குளத்துக்கரையில் ஏறினால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். கார் சாகுபடிக்கு நடவு முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும், நாற்று வேர் பிடித்துப் பச்சை திரும்பிக்கொண்டிருந்தது. அங்கிருந்து மேற்கே பார்த்தால் மலை. பாதிக்கு மேல் மேகம். இருபது நிமிஷம் நடந்தேன். சந்தோஷமெல்லாம் வரவில்லை. திரும்பி வந்தபோது பசித்தது, அவ்வளவுதான். ஆனால் எனக்குப் பசி என்று ஒன்று வந்தே ஒரு மாதம் ஆகியிருந்தது.

மறுநாளும் பத்து மணிக்கு ஆச்சி வந்தாள். அதற்கடுத்த நாளும். மனசு சரியானதும் நடக்கலாம் என்று காத்திருந்தால் நான் நடந்திருக்கவே மாட்டேன். முதலில் கால் போக வேண்டும், மனசு பின்னாலேயே வந்து சேரும். மனநல மருத்துவர்களே இதை ஒரு சிகிச்சை முறையாக வைத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வெளிச்ச விஷயமும் அப்படித்தான். மேகம் மூடிய நாளில் வெளியே போய் என்ன வெளிச்சம் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். வெளிச்சத்தை லக்ஸ் என்று அளக்கிறார்கள். வீட்டுக்குள் ட்யூப்லைட் அடியில் சில நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். மேகமூட்டத்திலும் வெட்டவெளியில் ஆயிரக்கணக்கில் இருக்கும். காலையில் கண்ணில் படும் அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் உடம்பு இது பகல், இது ராத்திரி என்று கணக்குப் போடுகிறதாம். ஒரு மாதமாக நான் உடம்புக்குப் பகலையே காட்டவில்லை.

அடுத்து தூக்கம். இதைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. ராத்திரி எழுந்திருப்பதெல்லாம் பச்சைப்பிள்ளைக்குத்தான் என்று நினைக்கிறார்கள். மூக்கடைத்த இரண்டு வயதுப் பிள்ளை ராத்திரிக்கு மூன்று நான்கு தடவை எழுப்பும். மொத்தம் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் அது தூக்கமில்லை. இடையில் முறியாமல் நாலைந்து மணி நேரம் ஒரே மூச்சில் தூங்குவதுதான் உடம்புக்குச் சேரும். என் வீட்டுக்காரர் புளியரை செக்போஸ்ட் தாண்டிக் கொல்லத்துக்குக் காய்கறி லோடு அடிக்கிறார். வாரத்தில் இரண்டு ராத்திரிதான் வீட்டில். அந்த இரண்டு ராத்திரியும் பிள்ளை அவரோடு பட்டாசலில் படுக்க வேண்டும், நான் உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும் என்று பேசி முடிவு செய்தோம். முதல் ராத்திரி பிள்ளை வீரிட்டு அழுதான். நான் எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். வெளியிலிருந்து அவர், "நீ படு. நான் பார்த்துக்கிடுதேன்" என்றார். கை தாழ்ப்பாளிலேயே இருந்தது. அழுகை அடங்க எவ்வளவு நேரம் ஆனதோ, அதுவரைக்கும் நின்றேன். பிறகு படுத்தவள் காலை ஆறு மணிக்குத்தான் கண் விழித்தேன்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், ஒன்றைத் தவிர. நான் முதலில் போன கிளினிக்கில் "எல்லா அம்மாக்களுக்கும் உள்ளதுதான்" என்று சொல்லி ஒரு டானிக் எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்துப் போன இடத்தில்தான் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடத்ததும், எரிச்சலும், எதிலும் பிடிப்பில்லாததும் பாதி அதனால்தான். பிள்ளை பெற்றவர்களுக்குத் தைராய்டும் இதே வேலையைச் செய்யும், பி12 குறைந்தாலும் அப்படித்தான். அதனால் மனசுக்கு வைத்தியம் தேடுமுன் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பாருங்கள். கீரையும் இரும்புச்சத்து மாத்திரையும் எடுத்துக்கொள்கிறவர்கள் சாப்பிட்ட கையோடு டீ குடிக்கக் கூடாது, சத்து உடம்பில் ஒட்டாது. ஒரு மணி நேரம் விட்டுக் குடியுங்கள். கீரையில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் நல்லது. எங்கள் பக்கம் கட்டன் சாயா இல்லாமல் சாப்பாடே முடியாது. எனக்கு இதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூரில் இருக்கிற மதினியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேரும்வரை செங்கோட்டை மலைக்கு அந்தப் பக்கத்து அரசில்தான் இருந்தது. அதனால் எங்களுக்கெல்லாம் பெண் கொடுத்ததும் எடுத்ததும் அங்கேயும் உண்டு. நமக்கு ஆடி என்றால் அவர்களுக்குக் கர்க்கடகம். பஞ்சம் பிடித்த மாசம் என்பார்கள். மழையில் வேலை இருக்காது, உடம்பு தளரும், மனசும் தளரும். அந்த மாதத்துக்கு என்றே மருந்துக்கஞ்சி, எண்ணெய் தேய்த்துக் குளியல், அந்தியில் விளக்கேற்றி ராமாயண வாசிப்பு. மழைக்காலத்தில் மனுஷன் சோர்ந்துபோவான் என்று ஒத்துக்கொண்டு அதற்கு ஒரு மாதத்தையே ஒதுக்கிய பழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதை மதினியிடம் சொன்னேன். "எல்லாம் நல்லதுதான். ஆனா அந்தக் கஞ்சியை விடியக்காலம் எழுந்திரிச்சு வைக்கிறதும் நான்தானே?" என்றாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. இந்த வருஷம் கஞ்சி வைப்பது அண்ணாச்சி பொறுப்பு என்று பேசியிருக்கிறோம்.

கஞ்சி வேறு, கடையில் விற்கும் பொடியும் லேகியமும் வேறு. மூலிகை என்றால் கெடுதல் செய்யாது என்று நம்பி வாங்காதீர்கள். அமுக்கராவுக்கு (அஸ்வகந்தா) தைராய்டு அளவை மாற்றுகிற குணம் உண்டு, கர்ப்ப காலத்தில் கூடாது. பால் கொடுக்கிறவர்கள் எதையும் கேட்காமல் சாப்பிடவே கூடாது.

அதிகச் செலவில்லாத இன்னொரு காரியம் ரயில். மீட்டர்கேஜ் நின்று, 2018-இல் அகலப்பாதையாகத் திரும்பிவந்த எங்கள் புனலூர் ரயில். லீவு நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தென்மலை வரைக்கும் போய் வருவோம். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழையும்போது பெட்டி முழுக்கப் பிள்ளைகள் கத்தும். இந்தப் பக்கம் தூறலாக இருக்கும், குகையை விட்டு வெளியே வந்தால் அந்தப் பக்கம் கொட்டிக்கொண்டிருக்கும். போன ஆகஸ்டில் ஒரு தடவை குகைக்குள் பெரியவளோடு சேர்ந்து நானும் கத்தினேன். வெளிச்சம் வந்ததும் சின்னவன் என் முகத்தைப் பார்த்தான். கோவமா என்று கேட்கவில்லை.

அப்பாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களுக்கும் இது வரும். எங்கள் பக்கத்தில் ஆண்களின் சோர்வு பேச்சாக வெளிவருவதில்லை. எரிச்சலாக வரும், போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதாக வரும், கடைசியில் பாட்டிலாக வரும். குடி அன்றைக்கு ராத்திரியைக் கடத்திவிட்டு மறுநாள் மனசை இன்னும் கீழே தள்ளும். ராத்திரி முழுக்க மலைப்பாதையில் வண்டி ஓட்டிவிட்டு வருகிறவருக்கும் வெளிச்சமும் தூக்கமும் நாலு பேர் பேச்சும் வேண்டும். நான் தேறிய பிறகுதான் அதை நினைத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை அவருடையது. எங்கே போனீர்கள் என்று நான் கேட்பதில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நடையும் வெளிச்சமும் எல்லாச் சோர்வையும் தூக்கிவிடாது. பிள்ளை பெற்ற முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சாதாரணம், இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் இருந்தால், பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராவிட்டால், நான் இல்லாவிட்டால் இவர்கள் நன்றாக இருப்பார்கள் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று பயம் வந்தால் தனியாக இருக்காதீர்கள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிடுங்கள். மாத்திரை தந்தால் வெட்கப்படாமல் சாப்பிடுங்கள். பால் கொடுக்கும்போதும் எடுத்துக்கொள்ளக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன.

எங்கள் தெருக் கடைசி வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. பச்ச உடம்புக்காரி என்று நாற்பது நாள் பத்தியமும் காய மருந்தும் கொடுத்து நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். நேற்றுப் பார்த்தேன், வாசலில் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கிறாள், தெருவில் யார் போகிறார்கள் என்றே அவள் கண்ணில் படவில்லை. அவள் மாமியாரிடம் போய், "நாளைக்குப் பத்து மணிக்கு வாரேன் அத்தை. பிள்ளையை நான் வச்சிருக்கேன்" என்றேன்.

"எதுக்குட்டி, அவ எங்கயும் போணுமா?"

"இல்ல அத்தை. அவ தூங்கட்டும்."